திருவிழாத் திடலில் ஒரு தூய தொழில்

தோட்டத்து ஆலயங்களில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால், நகரங்களில் குடியேறிவிட்ட குடும்பங்கள் யாவும் பிறந்த மண்ணை நோக்கித் திரும்புகின்றன. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்குத் தென்மேற்கே அமைந்த செண்டாயான் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. பால்மரமும் பின்னர் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று புதிய நகரமும், தொழிற்பேட்டையும், விமானப் படைத் தளமும் எழுந்துள்ளன. லயத்து வீடுகள் பலவும் மறைந்துவிட்டன. ஆயினும், அம்மனுக்குக் காப்புக் கட்டிய செய்தி கேட்டவுடன் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு புறப்பட்டு வரும் பக்தப் பெருமக்களின் எண்ணிக்கை குறைவதில்லை.

அவர்களை வரவேற்க ஆலய நிர்வாகத்தினர் அரும்பாடு படுகின்றனர். பந்தல் போடப்படுகிறது, வண்ண விளக்குகள் தொங்கவிடப்படுகின்றன, இரதம் அலங்கரிக்கப்படுகிறது, ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயதாரர் உண்டு. பூமாலைக்கு ஒருவர், நாதஸ்வர மேளத்துக்கு ஒருவர், நீர்மோருக்கு ஒருவர் என அழைப்பிதழின் பின்பக்கம் பெயர்களால் நிறைகிறது. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு தேவை இருக்கிறது. அது கழிப்பறை.

காலையில் பாற்குடம் எடுத்து, நண்பகலில் அன்னதானம் உண்டு, மாலையில் தீமிதி கண்டு, இரவில் இரத ஊர்வலத்தோடு நடந்து முடிப்பதற்குப் பதினைந்து மணி நேரம் ஆகிறது. சில நூறு பேர் வாழ்ந்த காலத்தில் கட்டிய இரண்டு கழிப்பறைகளே பல ஆலயங்களில் இன்றும் அத்தனை கூட்டத்துக்கும் போதுமென விடப்படுகின்றன. நண்பகலுக்குள் நீர்த்தொட்டி வற்றிவிடுகிறது. பிற்பகலில் மலத்தொட்டி நிரம்பி வழிகிறது. ஆண்கள் செம்பனை மரங்களுக்கிடையே ஒதுங்கிவிடுகின்றனர். பெண்கள் என்ன செய்வார்கள்? முதல் நாள் இரவிலிருந்தே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். முதியோரும் கருவுற்ற தாய்மாரும் நீரிழிவு நோயாளரும் 'கூட்டம் தாங்காது' என்று ஒரு காரணம் கூறி வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். உண்மைக் காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விரதமிருந்து வருவோருக்கு இத்தகைய இன்னொரு விரதத்தையும் சுமத்துவது ஆலயங்களுக்கு அழகாகாது.

இக்குறையைத் தீர்க்க வழி உண்டு. அந்த வழி, மேலும் ஒரு கழிப்பறையைக் கட்டித் திறப்பு விழா நடத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. அதனை முறையாக நடத்தி, அதனால் பிழைத்து, மண்ணையும் நீரையும் கெடுக்காமல் காக்கும் ஒரு தொழிலாக அது அமைய வேண்டும். தோட்டத்தில் பிறந்த இளைஞரே அத்தொழிலின் முதலாளிகளாக வேண்டும். ஆலயங்கள் அவர்களுக்கு முதல் வாடிக்கையாளராக வேண்டும்.

தோட்டம் கற்றுத்தந்த பாடம்

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றில் கழிவறையின் கதை உயிரோடு விளையாடிய கதை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேரியாவுக்கு அடுத்தபடியாகத் தமிழ்த் தொழிலாளரை வாட்டிய நோய்களுள் கொக்கிப்புழு நோய் முக்கியமானது. திறந்த வெளியில் கழிக்கப்பட்ட மலத்திலிருந்து புழுக்கள் மண்ணில் பெருகி, காலணியின்றிப் பால்மரம் சீவச் சென்றவர்களின் பாதங்கள் வழியே உடலுள் புகுந்தன. குருதி குன்றி, உடல் சோர்ந்து, வேலைக்குச் செல்ல இயலாமல் போனவர்கள் பலர். நோய்க்குக் காரணம் மண்ணும் மலமும் கலந்த விதமே.

பின்னர் லயங்களுக்குப் பின்புறம் வரிசையாகப் பொதுக் கழிவறைகள் எழுந்தன. பல இடங்களில் வாளிக் கழிவறைகள் இருந்தன. அந்த வாளிகளை விடியுமுன் தலையிலும் வண்டியிலும் சுமந்து அகற்றிய பணி ஒரு குறிப்பிட்ட பிரிவினரின் தலையிலேயே சுமத்தப்பட்டது. அவர்களுக்கு இடப்பட்ட பெயரே இழிசொல்லாயிற்று. ஒரே கப்பலில் வந்து, ஒரே தோட்டத்தில் உழைத்து, ஒரே அம்மனை வணங்கியவர்களுக்கு இடையே அந்த வாளி ஒரு சுவராக நின்றது. தோட்டத் தொழிலாளரின் வீட்டு வசதிகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1990-ஆம் ஆண்டில் வந்தது. வாளிகள் மறைந்தன, ஆயினும், கழிவறையைத் தூய்மை செய்வோரைப் பார்க்கும் பார்வை முற்றாக மாறிவிட்டதெனக் கூற இயலாது. எனவே, இத்தொழிலைப் பற்றிய எந்தப் பேச்சும் இரண்டு உறுதிகளோடு தொடங்க வேண்டும். மனிதக் கழிவை எந்த மனிதரும் கையால் தொடுதல் கூடாது என்பது ஒன்று. இப்பணி எந்தச் சாதிக்கும் உரியதன்று என்பது மற்றொன்று.

பாட்னாவில் தொடங்கிய வழி

இந்த இரண்டு உறுதிகளோடும் தொழிலைத் தொடங்கி வென்று காட்டியவர் பீகார் மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் பிந்தேஸ்வர் பாடக். அந்தணக் குடும்பத்தில் பிறந்த அவர், மலம் அள்ளும் கொடுமையிலிருந்து மக்களை விடுவிக்கும் நோக்குடன் 1970-ஆம் ஆண்டில் சுலப் அமைப்பை நிறுவினார். 1974-ஆம் ஆண்டில் பாட்னாவில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் பொதுக் கழிப்பிடத்தை அந்த அமைப்பு திறந்தது. காசு கொடுத்து எவர் வருவார் என்று அன்று பலர் நகைத்தனர். ஆனால் மக்கள் வந்தனர். காரணம் எளிது: அங்கே நீர் இருந்தது, சோப்பு இருந்தது, எந்நேரமும் ஓர் ஊழியர் இருந்தார்.

அந்த அமைப்பு வகுத்த நடைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. இடத்தையும் கட்டுமானச் செலவையும் நகராட்சியோ கோயிலோ வேறு நிறுவனமோ ஏற்றுக்கொள்ளும். பராமரிப்பை நெடுங்காலத்துக்குச் சுலப் ஏற்கும். அதற்கான செலவைப் பயனாளர் தரும் சிறு கட்டணத்திலிருந்தே ஈட்டிக்கொள்ளும். கட்டணம் செலுத்த இயலாத ஏழையரும் சிறுவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. சில இடங்களில் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து விளக்கெரிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தினர். பாடக் 2023-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது.

திருத்தலங்களில் அந்த அமைப்பு ஆற்றிய பணி, ஆலய நிர்வாகத்தினர் அறிய வேண்டியது. சீரடியில் சாயிபாபா தலத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்காக 120 கழிப்பறைகளும் 108 குளியலறைகளும் கொண்ட வளாகம் அமைந்தது. மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்தில், ஆஷாட ஏகாதசிக்கு விட்டலனைத் தரிசிக்கக் கால்நடையாகவே பல லட்சம் பேர் வருகின்றனர். அவர்கள் சென்றபின் ஊரெங்கும் எஞ்சும் கழிவை மனிதர் கையால் அகற்றிய அவலம் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த நகரத்தில் பின்னர் 2,858 கழிப்பறைகளைச் சுலப் அமைப்பு எழுப்பியது. பக்தி பெருகும் இடத்தில் கழிப்பறையும் பெருக வேண்டும் என்னும் எளிய உண்மை அங்கே காலம் கடந்தேனும் ஏற்கப்பட்டது.

முசிறியில் காசு கொடுத்த கழிப்பறை

பாட்னாவின் வழி நகரத்துக்கு ஏற்றது. நீர் குறைந்த இடத்துக்கும், சாக்கடைக் குழாய் எட்டாத தோட்டப் புறத்துக்கும் பொருந்துகின்ற வழி தமிழகத்திலேயே உருவாயிற்று. திருச்சி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் உள்ள முசிறியில், மராச்சி சுப்புராமன் தலைமையிலான ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் சூழல் காக்கும் சமூகக் கழிப்பறையை அமைத்தது. 2008-ஆம் ஆண்டளவில் உலகச் செய்தித்தாள்கள் அதனைப் பற்றி வியந்து எழுதின. வியப்புக்குக் காரணம், அங்கே பயனாளர் காசு கொடுக்கவில்லை. பயன்படுத்தியவருக்கே ஒவ்வொரு முறைக்கும் 10 காசு கொடுக்கப்பட்டது. சுப்புராமனுக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அக்கழிப்பறையின் அமைப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. தரைமட்டத்துக்கு மேலே இரண்டு அறைகள் கட்டி, அவற்றின் மீது கழிப்பறை அமைக்கப்படுகிறது. அமரும் இடத்தில் மூன்று வழிகள் உள்ளன. மலம் கீழேயுள்ள உலர்ந்த அறையில் விழும். சிறுநீர் தனிக் குழாய் வழியே மூடிய கலத்தில் சேரும். கால் கழுவும் நீர் மூன்றாவது வழியாகச் சென்று, கல்வாழை முதலிய செடிகள் நட்ட வடிகட்டும் பாத்தியில் இறங்கும். தண்ணீரால் தூய்மை செய்துகொள்ளும் வழக்கமுடைய மக்களுக்கு இந்த மூன்றாவது வழியே இன்றியமையாதது. மேல்நாட்டு உலர் கழிப்பறைகளை அப்படியே கொண்டுவந்தால் இங்கே தோற்றுப்போகும். முசிறி அந்த முடிச்சை அவிழ்த்தது.

ஒவ்வொரு முறையும் பயன்பாட்டுக்குப் பின் ஒரு கை சாம்பலோ உமியோ மரத்தூளோ தூவப்படுகிறது. ஈரம் உலர்ந்துவிடுவதால் நாற்றம் எழுவதில்லை, ஈ மொய்ப்பதில்லை. ஓர் அறை நிறைந்தவுடன் அதனை மூடிவிட்டு மற்ற அறையைப் பயன்படுத்துவர். மூடிய அறையில் உள்ளது மக்கி உரமாகும். மலேசியாவைப் போன்ற வெப்ப நாடுகளில் ஓராண்டுக்கு மேல் மூடி வைத்தபின்னரே அதனை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். கொக்கிப்புழுவின் கதையை அறிந்த சமூகம் இந்த ஓராண்டை ஒரு நாளும் குறைக்கலாகாது.

சிறுநீரின் கதை வேறு. உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. அதனைச் சில மாதம் மூடிய கலத்தில் வைத்திருந்து, நீர் கலந்து, மரங்களின் அடியில் ஊற்றலாம். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதனை வாழைக்கு இட்டுச் சோதித்தது. சற்றொப்ப 10 பேரின் சிறுநீரில் ஓராண்டில் சேரும் தழைச்சத்து, 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு நிகரானது. செம்பனைத் தோட்டங்கள் ஆண்டுதோறும் உரத்துக்குச் செலவிடும் தொகையை அறிந்தவர்கள் இதனை எளிதில் ஒதுக்கமாட்டார்கள்.

இலாபம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் பலர் தவறான கணக்குப் போடுகின்றனர். உரத்தை விற்றே செல்வம் சேர்த்துவிடலாம் என்று நம்பித் தொடங்கும் தொழில் நிலைக்காது. ஒரு திருவிழா நாளில் 900 பேர் பயன்படுத்தும் கழிப்பறையில் சேரும் சிறுநீரின் தழைச்சத்தை யூரியாவாகக் கணக்கிட்டால் 2 அல்லது 3 கிலோவுக்கு மேல் தேறாது. அதன் விலை உண்டியலில் விழும் சில நாணயங்களுக்கு ஒப்பானது. முசிறியில் பயனாளருக்குக் கொடுத்த 10 காசும் உர வணிகத்தின் இலாபம் என்று கொள்ளற்க. அது மக்களைப் புதிய பழக்கத்துக்கு அழைத்த அன்பளிப்பு.

ஆப்பிரிக்காவின் நைரோபி நகரத்தில் 2011-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பணியும் இதையே காட்டுகிறது. அங்கே ஒரு நிறுவனம் சேரிப் பகுதிகளில் சிறு கழிப்பறைகளை அமைத்து, அவற்றை நடத்தும் உரிமையை அவ்வூர் மக்களுக்கே அளித்தது. நடத்துபவர் கட்டணத்தால் பிழைக்கிறார். நிறுவனம் மூடிய கலன்களில் கழிவை எடுத்துச் சென்று, தனித் தொழிற்கூடத்தில் உரமும், புழுக்களைக் கொண்டு கால்நடைத் தீவனமும் செய்கிறது. கழிப்பறையின் வரவு வேறு, உரத்தின் வரவு வேறு. கழிப்பறையை நடத்துபவரின் பிழைப்பு உரம் விற்பதைச் சார்ந்திருக்கவில்லை.

அவ்வாறாயின் செண்டாயானில் வரவு எங்கிருந்து வரும்? முதலில் செலவைப் பார்ப்போம். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஒருவர் 50 சென் கொடுத்துக் கழிப்பறையைப் பயன்படுத்துவதாகக் கொண்டால், ஓர் ஊழியரின் சம்பளத்துக்கு மட்டும் மாதத்தில் 3,400 பேர் வர வேண்டும். நாளொன்றுக்கு 113 பேர். சேமநிதியும் சொக்சோவும் சோப்பும் சாம்பலும் லாரி எண்ணெயும் இதற்கு மேல். ஆண்டில் மூன்று நாள் திருவிழா நடத்தும் ஓர் ஆலயத்தின் வாசலில் நின்றுகொண்டு இந்தக் கணக்கை எவராலும் ஈடுகட்ட முடியாது. நல்லெண்ணத்தோடு கட்டிய கழிப்பறைகள் ஆறு மாதத்தில் பூட்டிக் கிடப்பதற்கு இதுவே காரணம். திறந்து வைத்தவரின் பெயர் பளிங்குக் கல்லில் இருக்கிறது. தூய்மை செய்பவருக்குச் சம்பளம் எதிலும் இல்லை.

ஆனால் ஆலயம் ஒன்றே ஒன்றா? தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, ஆடித் திருவிழா, நவராத்திரி என ஆண்டு முழுவதும் விழாக்கள் அமைந்துள்ளன. தோட்டத்து மாரியம்மன் ஆலயங்களும் முனீஸ்வரர் ஆலயங்களும் தத்தம் வழக்கப்படி வெவ்வேறு வாரங்களில் திருவிழாவை நடத்துகின்றன. இரதம் வெவ்வேறு நாளில் புறப்படுவதால்தான் ஒரே மேளக் குழு பல ஆலயங்களில் வாசிக்க முடிகிறது. ஒரே பந்தல்காரர் ஆண்டு முழுவதும் பிழைக்க முடிகிறது. கழிப்பறையும் அவ்வாறே ஊர்வலம் வரலாம். இதுவே இத்தொழிலின் உயிர்நாடி.

ஆறு அறைகள் கொண்ட, இழுத்துச் செல்லத்தக்க ஒரு வண்டிக் கழிப்பறையை எண்ணிப் பாருங்கள். அடியில் நிலையான அறைக்குப் பதிலாக மூடியுள்ள கலன்கள் இருக்கும். நிறைந்ததை அடைத்து எடுத்துவிட்டு வெறுங்கலனை வைத்துவிடலாம். கழுவும் நீரும் வழியில் சிந்தாமல் தனிக் கலனில் சேரும். ஓர் அறையை மணிக்கு 15 பேர் பயன்படுத்தினால், ஆறு அறைகளைப் பத்து மணி நேரத்தில் 900 பேர் பயன்படுத்தலாம். ஒரு முறைக்கு 6 லிட்டர் நீரைக் கொட்டும் சாதாரணக் கழிப்பறையில் அத்தனை பேருக்கும் 5,400 லிட்டர் நீர் வேண்டும். இதிலோ கழுவுவதற்கான சிறிதளவு நீரே போதும். 1998-ஆம் ஆண்டின் நீர்ப் பஞ்சத்தையும் 2014-ஆம் ஆண்டின் வறட்சியையும் மறவாதவர்கள் இந்த வேற்றுமையின் அருமையை அறிவர். குழாய் நீர் எட்டாத தோட்டத்து உட்புற ஆலயத்துக்கும் இந்த வண்டி செல்ல முடியும் என்பது அதனினும் பெரிய நன்மை.

திருவிழா இல்லாத நாள்களில் வண்டி சும்மா நிற்க வேண்டியதில்லை. திருமண வரவேற்பு, ஈமச் சடங்கு, காற்பந்துப் போட்டி, இரவுச் சந்தை, கட்டுமான இடம் ஆகிய அனைத்துக்கும் இந்தத் தேவை உண்டு. புதிய வீடுகள் எழுந்துவரும் செண்டாயானில் கட்டுமான இடங்களைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வாடகையே முதல் வரவு, கட்டணம் இரண்டாவது வரவு, உரம் மூன்றாவது. இந்த வரிசையை மாற்றாதவர் நிலைத்து நிற்பார்.

எழுப்பப்படும் ஐயங்கள்

ஆலயத்தில் கழிப்பறைக்குக் காசு வாங்குவதா என்னும் வினா முதலில் எழும். நியாயமான வினா. பாற்குடம் சுமந்து வந்த மூதாட்டியிடம் 50 சென் கேட்பது எவருக்கும் மனம் ஒப்பாத செயல். இதற்கு வழி ஆலய மரபிலேயே இருக்கிறது. அன்னதானத்துக்கு உண்பவரிடம் காசு வாங்குவதில்லை. உபயதாரர் சமைப்பவருக்குக் கொடுக்கிறார். சமைப்பவரும் வெறுங்கையோடு செல்வதில்லை. அவ்வாறே ஒரு நாள் கழிப்பறைச் சேவையை ஓர் உபயதாரர் ஏற்றுக்கொண்டால், பக்தருக்கு அது இலவசம். நடத்துபவருக்கு அது வருமானம். சந்தையிலும் திடலிலும் கட்டணம் வாங்கலாம். சந்நிதி வாசலில் உபயம் போதும்.

அடுத்து, ஆலயத்தின் புனிதம் கெடாதா என்பர். இன்று செம்பனை மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் நடப்பதைக் கண்டும் காணாததுபோல் இருப்பதைவிடப் புனிதத்துக்குக் கேடு வேறில்லை. பதஞ்சலி முனிவர் வகுத்த நியமங்களுள் முதலாவதாக வைக்கப்பட்டது சௌசம் என்னும் தூய்மையே. வண்டியைத் திருமதிலுக்கு வெளியே, காற்று வீசும் திசை அறிந்து நிறுத்தலாம். உரத்தைப் பூசைக்குரிய நந்தவனத்துக்கோ கீரைப் பாத்திக்கோ இடாமல், செம்பனை முதலிய மரப்பயிருக்கு மட்டும் இடுவது மனத்துக்கும் உடல்நலத்துக்கும் ஏற்றது. பல இன, பல சமய மக்கள் சேர்ந்து வாழும் நாட்டில் இத்தகைய உரத்தை விற்பவர் அது இன்னதென மறைக்காமல் கூறியே விற்க வேண்டும். வாங்கத் தயங்குபவரின் சமய உணர்வை மதிக்க வேண்டும். சொந்த நிலத்திலோ உடன்பட்ட தோட்டத்திலோ இடுவதே தொடக்கத்தில் நலம்.

மூன்றாவது ஐயம் மழை. ஓயாது மழை பெய்யும் நாட்டில் உலர் கழிப்பறை நிலைக்குமா என்பர். தரைக்கு மேலே உயர்த்திக் கட்டுவதால் வெள்ளநீர் உட்புகாது. கூரை நன்கு அமைந்தால் மழையும் தீண்டாது. உண்மையில் பெருமழையில் நிரம்பி வழிவது மண்ணுக்குள் புதைத்த மலத்தொட்டியே. அதனை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அள்ளித் தூய்மை செய்ய வேண்டும் என்பது நாட்டின் விதி. எத்தனை தோட்டத்து ஆலயங்கள் அதனைச் செய்கின்றன என்று நிர்வாகத்தினரே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உயர்த்திக் கட்டுவதில் ஒரு குறை உண்டு, அதனை மறைக்கலாகாது. படியேற இயலாத முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் அது தடையாகும். ஆகவே, ஒரு வண்டியில் ஓர் அறையேனும் சாய்தளத்தோடு அமைய வேண்டும். இன்னொரு குறை, பழக்கமில்லாதவர் மூன்று வழிகளையும் மாற்றிப் பயன்படுத்திவிடுவர். மலம் விழும் வழியில் நீரை ஊற்றிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். படம் வரைந்து மாட்டுவது மட்டும் போதாது. வாசலில் கனிவோடு எடுத்துச் சொல்லும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எப்பொழுதும் நிற்க வேண்டும். இத்தொழிலில் இயந்திரத்தைவிட அந்த இருவரே முதன்மையான முதலீடு.

செய்ய வேண்டுவன

தொடங்க விரும்பும் இளைஞர் முதலில் சிரம்பான் மாநகர் மன்றத்தின் உரிமத்தையும், கழிவை எங்கே கொண்டுசென்று எவ்வாறு மக்கவைப்பது என்பதற்கான அனுமதியையும் பெற வேண்டும். ஓராண்டு மூடிவைக்க இடமில்லாதவர் இத்தொழிலில் இறங்கலாகாது. எனவே, தொடக்கத்திலேயே ஒரு தோட்ட நிர்வாகத்தோடு எழுத்துப்பூர்வமாக உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். தூவுவதற்கான சாம்பலுக்கும் செம்பனை ஆலைகளை அணுகலாம். முதலுக்குத் தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கென உள்ள ஸ்பூமி கடன் திட்டம் போன்றவை உள்ளன. ஊழியருக்குக் கையுறை, காலணி, சீருடை, தடுப்பூசி, சேமநிதி ஆகியவற்றில் ஒன்றையும் குறைக்கலாகாது. வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரில், பழைய அவமானத்தைப் புதிய பெயரில் மீண்டும் கொண்டுவருவது பெரும்பாவமாகும்.

ஆலய நிர்வாகத்தினரின் கடமை இதனினும் எளிது. அண்டையிலுள்ள பத்து ஆலயங்கள் ஒன்றுகூடி, தத்தம் திருவிழா நாள்களை ஒரே தாளில் எழுதி, 'இத்தனை நாளுக்கு உறுதியாக வாடகை தருகிறோம்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். அந்தத் தாள் ஒன்றே இளைஞரின் கையில் மூலதனமாகும். வங்கியும் கடன் நிறுவனமும் கேட்பது அதையே. பத்து ஆலயங்கள் தனித்தனியே பத்துக் கழிப்பறைகளைக் கட்டிப் பூட்டிவைப்பதற்கு ஆகும் செலவில் இத்தகைய வண்டிகள் சிலவற்றை ஓட்டலாம்.

புரவலர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோபுரத்துக்கும் கொடிமரத்துக்கும் கொடுப்பது புண்ணியம். அதில் இரு கருத்தில்லை. அதே திருவிழாவில், பசி தீர்ந்த பக்தை ஒருத்தி அச்சமின்றி, வெட்கமின்றி, நாற்றமின்றி ஒதுங்குவதற்கு வழி செய்வதும் அன்னதானத்தின் தொடர்ச்சியே. உணவைத் தந்தவர் அதன் மறுபாதியையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அடுத்த திருவிழாவின் அழைப்பிதழ் அச்சேறும் முன், செண்டாயான் வட்டாரத்து ஆலயங்கள் ஒரு கூட்டம் கூட்டி இதனை ஆராயட்டும். உபயதாரர் பட்டியலில் பந்தலுக்கும் மேளத்துக்கும் கீழே இன்னொரு வரி சேரட்டும். அந்த வரிக்குத் தம் பெயரைக் கொடுக்க முன்வரும் முதல் புரவலர் எவரோ, அவருக்கு அம்மன் சந்நிதியில் நீண்ட நேரம் நின்று வழிபட முடிந்த ஒவ்வொரு தாயின் வாழ்த்தும் உரித்தாகும்.